பத்தொன்பது குஞ்சும் சேவல்

பஞ்சாபகேசன் தம் வாழ்நாளில் ஒரு முட்டையைக் கையால் தொட்டதில்லை. கோழியைத் தொட்டதும் இல்லை. மதுரையில் ஒரு ஹைஸ்கூலில் பதினோரு வருஷமாக சயன்ஸ் வாத்தியார். குடியிருந்தது வடக்காவணி மூல வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில். தவறிப்போய் ஒரு கோழி உள்ளே வந்துவிட்டால் வாசலைக் கழுவிவிடுகிற வீடுகள் அவை. அப்படியிருந்தும், 1937ஆம் வருஷம் ஆனி மாதத்தில், எந்தக் கோழிக்கு எந்த நிறத்தில் குஞ்சு பிறக்கும் என்பதைப் பற்றித் தமக்குத் தெரிந்த அளவு இந்த ஜில்லாவில் வேறு ஒருவருக்கும் தெரியாது என்று அவர் மனசார நம்பினார். பிற்காலத்தில் இந்தக் கதையை அவரே பலரிடம் சொல்லுவார். சொல்லும்போது இந்த இடத்தில் சற்று நிறுத்தி, "மத்தவா எல்லார்கிட்டயும் கோழி இருந்தது. எனக்குத்தான் புஸ்தகம் இருந்தது" என்பார்.

புஸ்தகமும் அவருடையதல்ல. காலேஜ் லைப்ரரியில் வேலை பார்த்த அனந்தராமன் என்ற சிநேகிதர் இரண்டு வாரத்துக்கு இரவல் கொடுத்தது. லண்டனில் அச்சான தடிப் புஸ்தகம். கோழி இறகின் நிறம், வரி, புள்ளி எல்லாம் பெற்றோரிடமிருந்து குஞ்சுக்கு எந்தக் கணக்கில் இறங்குகின்றன என்று நானூறு பக்கத்துக்கு விஸ்தாரமாக எழுதியிருந்தது. பஞ்சாபகேசன் அதைச் சாப்பாட்டு வேளையிலும் கீழே வைக்காமல் படித்தார். கெடு முடிந்து திருப்பிக் கொடுத்த மறுவாரமே, தெற்கு மாசி வீதி வாசகசாலையில் 'பாரம்பரியத்தின் ரகசியம்' என்று ஒரு பிரசங்கம் செய்ய ஒப்புக்கொண்டார்.

பிரசங்கத்துக்குப் பதினோரு பேர் வந்தார்கள். அதில் ஐந்து பேர் திடீரென்று பெய்த மழைக்கு ஒதுங்கியவர்கள். பட்டாணிச் செடியை நட்டு ஆராய்ந்த பாதிரியாரில் ஆரம்பித்து அவர் ஒரு மணி நேரம் பேசினார். கடைசியில் கோழிக்கு வந்தார். கறுப்பும் வெள்ளையுமாகக் குறுக்கே வரி ஓடுகிற ஒரு சீமைக் கோழி ஜாதி உண்டு, அந்த வரி குஞ்சில் தெரியாது, குஞ்சின் உச்சந்தலையில் ஒரு வெள்ளைப் பொட்டாகத் தெரியும், தகுந்த ஜோடியைச் சேர்த்துவிட்டால் அந்தப் பொட்டை வைத்தே பொரித்த அன்றைக்கே சேவல் எது பெட்டை எது என்று பிரித்துவிடலாம் என்றார்.

அதுவரை சுவரில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்த ஒருவர் இதைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒத்தக்கடை வெள்ளைத்துரை. வயல் வரப்புத் தகராறு ஒன்றுக்காக வக்கீலைப் பார்க்க மதுரைக்கு வந்து, மழைக்கு உள்ளே நுழைந்தவர். கூட்டம் கலைந்ததும் அவர் மேஜை அருகே வந்து, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கேட்டார்:

"சாமி சொன்ன வரிக்கோழி எங்கிட்ட இருக்கு. பொரிச்ச அன்னைக்கே சேவலா பொட்டையான்னு நெசமாவே சொல்லிப்புடுவீகளா?"

மாற்றலாகிப் போன ஒரு வெள்ளைக்கார துரை தம் பங்களாச் சாமான்களை ஏலம் விட்டபோது, கூண்டோடு எட்டுக் கோழிகளை வெள்ளைத்துரை எடுத்திருந்தார். வரிச் சேவல் ஒன்று, வரிப்பெட்டை மூன்று; செம்பழுப்பு நிறத்தில் சேவல் ஒன்று, பெட்டை மூன்று. பஞ்சாபகேசனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. லண்டன் புஸ்தகம் தம்மைத் தேடிக்கொண்டு ஒத்தக்கடைக்கே வந்திருப்பதாகத் தோன்றியது. வருகிற ஞாயிற்றுக்கிழமையே வருவதாக வாக்குக் கொடுத்துவிட்டார்.

ஞாயிறன்று மேலூர் பஸ்ஸில் ஏறி ஒத்தக்கடையில் இறங்கினார். யானைமலையின் அடிவாரத்தில் வெள்ளைத்துரையின் வீடு. அவர் மனைவி மாயக்காள் கோழிகளைக் கொல்லையில் தனித்தனியாகக் கூடை போட்டுக் கவிழ்த்து வைத்திருந்தாள். நான்கு பெண் குழந்தைகள் சுற்றி நின்றன. கடைசிக் குழந்தைக்குப் போதும்பொண்ணு என்று பெயர். பெண் பிறந்தது போதும் என்று சாமிக்கே நினைவூட்டி வைத்த பெயர் என்று வெள்ளைத்துரை சிரித்துக்கொண்டே சொன்னார். மாயக்காள் சிரிக்கவில்லை. பஞ்சாபகேசன் இதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இரண்டு முழம் தள்ளி நின்று, அங்கவஸ்திரத்தை மூக்கருகே பிடித்துக்கொண்டு, கோழிகளைப் பரிசோதித்தார்.

அப்போதுதான் ஒரு சிக்கல் வந்தது. வரிக் கோழியையும் வரியில்லாத கோழியையும் ஜோடி சேர்க்க வேண்டும் என்பது நிச்சயம். அதில் அப்பன் எது, ஆத்தாள் எது? புஸ்தகத்தில் அதற்கென்று ஒரு வாக்கியம் இருந்தது. நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில், இடது புறம், கீழேயிருந்து நாலாவது வரி. இடம் அவ்வளவு துல்லியமாக ஞாபகம் இருந்தது. வாக்கியம் ஞாபகம் இல்லை.

ஞாபகம் இல்லை என்று சொல்லியிருக்கலாம். அடுத்த ஞாயிறு பார்த்துவிட்டு வருகிறேன் என்றாவது சொல்லியிருக்கலாம். ஆனால் பிரசங்கம் செய்து ஒரு வாரம்கூட ஆகாத மனுஷன் அப்படியெல்லாம் சொல்வானா? பஞ்சாபகேசன் கண்ணை மூடி யோசித்தார். மனித ஜாதியில் பிறப்பது ஆணா பெண்ணா என்பது தகப்பனுடைய விதையைப் பொறுத்தது. இதை வேறு புஸ்தகத்தில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் படித்திருக்கிறார். கோழியும் அப்படித்தானே இருக்கும்? ஆகவே அடையாளமும் தகப்பனிடம்தான் இருக்க வேண்டும். கண்ணைத் திறந்து, வரிச் சேவலைச் செம்பழுப்புப் பெட்டைகளோடு விடச் சொன்னார்.

மாயக்காள் ஒன்று கேட்டாள். வரிப்பெட்டைகள்தான் நிறைய முட்டை இடுகின்றன. சிவப்புச் சேவலை அதுகளோடு சேர்த்துப் பார்த்தால் ஆகாதா என்றாள். அது சாஸ்திரத்துக்கு விரோதம் என்றார் பஞ்சாபகேசன். லண்டன் புஸ்தகம் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் சொன்னது மாயக்காள் கேட்டதைத்தான் என்பது அவருக்கு எட்டு மாதம் கழித்துத் தெரிந்தது.

சேர்ந்த முட்டைகளில் இருபத்திரண்டை இரண்டு நாட்டுக் கோழிகளின் கீழ் அடை வைத்தார்கள். ஆவணி பிறந்து நாலைந்து நாளில் பத்தொன்பது குஞ்சு பொரித்தது. வெள்ளைத்துரை முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து, பள்ளிக்கூட வாசலிலேயே காத்திருந்து வாத்தியாரை அழைத்துப் போனார். கொல்லையில் மாயக்காள் ஒவ்வொரு குஞ்சாக எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள். குஞ்சுகள் எல்லாம் கறுப்பு. முதல் குஞ்சின் தலையில் வெள்ளைப் பொட்டு. "சேவல்" என்றார் பஞ்சாபகேசன். இரண்டாவதன் தலையிலும் பொட்டு. சேவல். மூன்றாவது, நாலாவது, ஐந்தாவது என்று அவர் சொல்லிக்கொண்டே போனார். பத்து தாண்டியதும் அவர் குரலில் சுருதி கொஞ்சம் இறங்கியது. பத்தொன்பதாவது குஞ்சையும் சேவல் என்று சொல்லிவிட்டு, யானைமலையை அண்ணாந்து பார்த்தார்.

"அம்புட்டும் சேவலா சாமி?" என்றார் வெள்ளைத்துரை.

இங்கேயாவது ஒரு நல்ல மூளை விழித்துக்கொண்டிருக்கும். பஞ்சாபகேசனின் மூளையும் ஒரு கணம் விழிக்கத்தான் செய்தது. ஆனால் விழித்த மூளை, பெருக்கல் கணக்குப் போட உட்கார்ந்துவிட்டது. பத்தொன்பது குஞ்சும் சேவலாகவே பிறப்பது ஐந்து லட்சத்து இருபத்து நாலாயிரத்துச் சொச்சத்தில் ஒரு தரம் நடக்கும். நடக்கவே நடக்காது என்று கணிதம் சொல்லவில்லையே? அந்த ஒரு தரம் தம் கண்ணெதிரே நடந்திருக்கிறது என்று அவர் தீர்மானித்தார். மறுநாள் வகுப்பில் நாலாவது பாரத்துப் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் அந்தக் கணக்கைப் போட்டுக் காட்டி, இப்படிப்பட்ட அதிசயம் ஒரு விஞ்ஞானியின் ஆயுளில் ஒரு முறைதான் வாய்க்கும் என்று பூரித்தார்.

இதை வெள்ளைத்துரை வேறு விதமாக எடுத்துக்கொண்டார். அவருடைய அண்ணன் மொக்கையன், தம்பிக்கு ஆண் வாரிசு இல்லையே என்று இரண்டு வருஷமாக அரித்துக்கொண்டிருந்தவர். தம் மனைவி வழியில் அழகர்கோயில் பக்கத்து ஊர்ப் பெண் ஒன்றைத் தம்பிக்கு இரண்டாந்தாரமாகப் பேசி, பங்குனியில் கல்யாணம் என்று முடிவும் செய்திருந்தார். இந்த நேரம் பார்த்து வீட்டில் பத்தொன்பது சேவல் பிறந்தது நல்ல சகுனமாகப் பட்டது. வருகிறவள் வயிற்றில் ஆண் தங்க வேண்டும் என்று முனியாண்டிக்கு ஒன்பது சேவல் நேர்ந்துகொண்டார் வெள்ளைத்துரை. குஞ்சுகள் ஒரு மாதம் வளர்ந்ததும் ஒன்பதைக் கோயில் தோப்பில் விட்டார். மாசி மாதப் படையலுக்கு அவை தயாராகிவிடும். மீதிப் பத்தும் மேலூர்ச் சந்தைக்குப் போயின.

மாயக்காளுக்குச் சந்தேகம் இருந்தது. குஞ்சு நிற்கிற நிலையும் வால் முளைக்கிற விதமும் அவளுக்குச் சரியாகப் படவில்லை. புருஷனிடம் சொன்னாள். வாத்தியாரே சொல்லிவிட்டாரே என்றார் அவர். மார்கழியில் தோப்புச் சேவல்களில் நாலு கூவத் தொடங்கி, ஐந்து வாயைத் திறக்காதபோது, வெள்ளைத்துரையே மதுரைக்கு வந்து விஷயத்தைச் சொன்னார். சீமைச் சேவல்களில் சில தாமதமாகத்தான் கூவும் என்று பஞ்சாபகேசன் பதில் சொன்னார். அப்படி எந்தப் புஸ்தகமும் சொல்லவில்லை. வாயில் வந்தது. அந்த ஜாதியில் பெட்டைக்கும் கொண்டை பெரிதாக வளரும் என்பதால் ஊர்க் கண்ணுக்கும் வித்தியாசம் சட்டென்று பிடிபடவில்லை. கோயில் பூசாரி காசிமாயனுக்கோ நாலடி தள்ளி நின்றால் ஆடு மாடே பிடிபடாது.

மாசி பிறந்தது. படையலுக்கு எட்டு நாள் இருக்கும்போது, முனியாண்டிக்கு நேர்ந்துவிட்ட சேவல் ஒன்று முட்டை இட்டது. அதுவும் சாமியின் அரிவாளுக்கு அடியிலேயே.

ஒத்தக்கடையில் நடந்த இந்த விஷயம் மதுரையில் இருந்த பஞ்சாபகேசனுக்கு உடனே தெரியவில்லை. இரண்டாம் நாள் சாயங்காலம் அவர் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது, சந்தில் தம் வீட்டு வாசலுக்கு எதிரே மாயக்காள் நின்றுகொண்டிருந்தாள். உள்ளே வரவில்லை, யாரும் வரச் சொல்லவும் இல்லை. பஞ்சாபகேசனின் மனைவி நாகலக்ஷ்மி ஒரு செம்பில் மோர் கொடுத்திருந்தாள். காலிச் செம்பு வாசற்படியோரத்தில் இருந்தது.

மாயக்காள் அழவில்லை. நடந்ததை வரிசையாகச் சொன்னாள். முட்டையைப் பார்த்த பூசாரிக்கு அருள் வந்து, சாமிக்குச் சேவல் என்று சொல்லிப் பெட்டையைக் கொடுத்த வீட்டில் இனிமேலும் பெட்டைதான் பிறக்கும் என்று குறி சொல்லிவிட்டார். பார்த்தால் ஒன்பதில் ஐந்து பெட்டை. வாத்தியார் சேவல் என்று சொன்னது எப்படிப் பெட்டையாகும்? பங்குனிக் கல்யாணத்தைக் கெடுக்க மாயக்காளே சேவலை எடுத்துவிட்டுப் பெட்டையை வைத்துவிட்டாள் என்று மொக்கையன் ஊரைக் கூட்டிச் சொல்லியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கூட்டம். சாமி குற்றம் செய்தவளை அவள் பிறந்த ஊருக்கே அனுப்பிவிட வேண்டும் என்று பேச்சு நடக்கிறது.

"நீங்க சொன்ன சொல்லுதான் சாமி இம்புட்டுக்கும் காரணம்" என்றாள். "சரியோ தப்போ, அந்தச் சொல்லை வந்து நீங்களே சொல்லிட்டுப் போங்க. நான் சொன்னா எடுபடாது."

இருட்டுவதற்குள் ஊர் போய்ச் சேர வேண்டும் என்று உடனே கிளம்பிவிட்டாள். பஞ்சாபகேசன் சட்டையைக் கழற்றாமல் நேரே அனந்தராமன் வீட்டுக்குப் போய், லைப்ரரியைத் திறக்கச் செய்து, நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தைப் பார்த்தார். இடது புறம், கீழேயிருந்து நாலாவது வரி. தாய் வரியுள்ளதாகவும் தகப்பன் வரியில்லாததாகவும் இருக்க வேண்டும் என்று அங்கே அச்சாகியிருந்தது. அடுத்த பக்கத்தில் காரணமும் இருந்தது. பறவை ஜாதியில் ஆணா பெண்ணா என்பது தாயைப் பொறுத்தது. தலைகீழாக ஜோடி சேர்த்தால் எல்லாக் குஞ்சுக்கும் பொட்டு விழும், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது என்று அடிக்குறிப்பு வேறு. ஐந்து லட்சத்தில் ஒன்றாவது, மண்ணாவது. எவன் எத்தனை தரம் அடை வைத்தாலும் அப்படித்தான் வரும்.

ஒரு கடிதம் எழுதி அனுப்பிவிடலாமா என்று சனிக்கிழமை பூராவும் யோசித்தார். மூன்று கடிதம் எழுதியும் பார்த்தார். மூன்றிலும் தப்பு யாருடையது என்பது இரண்டாம் பக்கத்தில்தான் வந்தது, அதுவும் செயப்பாட்டு வினையில். மூன்றையும் கிழித்துப் போட்டுவிட்டு ஞாயிறு காலையில் பஸ் ஏறினார்.

கோயில் புளியமரத்தடியில் நாற்பது பேருக்குக் குறையாமல் கூடியிருந்தார்கள். ஐந்து பெட்டைகளையும் காலைக் கட்டி நடுவில் போட்டிருந்தார்கள். ஒரு பக்கம் மாயக்காள் நான்கு பெண்களோடு நின்றாள். வெள்ளைத்துரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பஞ்சாபகேசனுக்கு நாற்காலி போட்டார்கள், அவர் உட்காரவில்லை. பிரசங்கத்துக்குப் பதினோரு பேர் வந்த மனுஷனுக்குத் தம் முட்டாள்தனத்தைச் சொல்ல இத்தனை கூட்டம் கிடைத்திருக்கிறதே என்று நினைத்துக்கொண்டார்.

முதலில் பெட்டைகளைக் காட்டினார். இந்த வரி இந்தச் சுற்று வட்டாரத்தில் வேறு எந்தக் கோழிக்காவது உண்டா என்று கேட்டார். இல்லை என்றார்கள். ஏலத்தில் வந்த மூன்று வரிப்பெட்டையும் முன்பே வளர்ந்தவை, அவை வீட்டிலேயே இருக்கின்றன. அப்படியானால் ஐந்து இளம் வரிப்பெட்டையை மாற்றி வைக்க இந்த அம்மாளுக்கு எங்கே கிடைத்திருக்கும்? அப்பன் வரிதான் இறகில் இறங்கியிருக்கிறது, இவை பொரித்த அன்று தாம் பார்த்த அதே குஞ்சுகள்தான் என்றார். கூட்டத்தில் இரண்டு மூன்று தலை ஆடியது. மொக்கையன் மட்டும், அன்றைக்குச் சேவலாக இருந்தது இன்றைக்கு எப்படிப் பெட்டையானது என்று கேட்டார்.

"அன்னிக்கும் பெட்டைதான். நான் தப்பாச் சொன்னேன்" என்றார் பஞ்சாபகேசன். "அம்மாகிட்ட வரி இருந்து அப்பாகிட்ட இல்லாம இருந்தாத்தான் தலையில இருக்கற பொட்டை வச்சுப் பிரிக்கலாம். நான் ஜோடியைத் தலைகீழாச் சேர்த்துட்டேன். இந்த அம்மா அன்னிக்கே வேற மாதிரி சேர்க்கலாமான்னு கேட்டா. அதுதான் சரி. எனக்குத் தெரியலை. தெரியலைன்னு சொல்ல வெக்கமா இருந்தது. குஞ்சு ஆணா பொண்ணாங்கறது கோழியில தாயைப் பொறுத்த விஷயம். நான் மனுஷாளைப் போலன்னு நினைச்சுண்டுட்டேன்."

சொல்லி முடித்ததும் உடம்பு லேசானது போல இருந்தது. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று சொல்லிக் கிளம்ப அங்கவஸ்திரத்தைச் சரி செய்தார். அப்போது மாயக்காள் ஓரடி முன்னால் வந்தாள்.

"மனுசருக்கு எப்படி சாமி?"

கேள்வியின் கனம் இன்னும் யாருக்கும் எட்டவில்லை. எட்டியது பஞ்சாபகேசனுக்கு மட்டுந்தான். தம் வாய் எந்த இடத்தில் வழுக்கியது என்று அப்போதுதான் உணர்ந்தார்.

காரணம் இதுதான். அவருக்கும் மூன்றும் பெண். கும்பகோணத்தில் இருக்கும் அவருடைய அக்கா தர்மாம்பாள், தம்பி வம்சம் நாகலக்ஷ்மியால் நின்றுவிடப் போகிறதே என்று மாதம் ஒரு கடிதம் போடுவாள். அவள் சொன்னபடியெல்லாம் நாகலக்ஷ்மி அரச மரம் சுற்றினாள், சஷ்டிக்குச் சஷ்டி பட்டினி கிடந்தாள், ராமேசுவரத்துக்கு இரண்டு தடவை போய்வந்தாள். விதை இரண்டு விதமாக இருப்பது தகப்பனிடத்தில்தான் என்று பஞ்சாபகேசன் ஆறு வருஷத்துக்கு முன்பே படித்துவிட்டார். படித்து, அடியில் பென்சிலால் கோடும் போட்டார். பிரசங்கத்தில் பட்டாணியைச் சொன்னார், கோழியைச் சொன்னார். வீட்டில் மட்டும் சொல்லவில்லை. யாரும் கேட்கவில்லையே என்று தமக்குத் தாமே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது ஒருத்தி கேட்டுவிட்டாள்.

"மனுஷாள்ல தகப்பனைப் பொறுத்தது" என்றார். "தாய்கிட்ட ஒரே விதமான விதைதான் இருக்கு. தகப்பன்கிட்ட ரெண்டு விதம். ஒண்ணு சேர்ந்தா ஆண், இன்னொண்ணு சேர்ந்தா பொண்ணு. எது சேரும்னு அவனாலயும் சொல்ல முடியாது. ஆனா அது அவன்கிட்டேருந்து வர்றதுதான்."

மொக்கையன் எழுந்துவிட்டார். வாத்தியாருக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார். மூன்று பெண்கள் என்றார் பஞ்சாபகேசன். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அப்படியானால் அதுவும் சாமியோட கைங்கரியம்தானா என்றார் மொக்கையன். ஆமாம், என்னுடையதுதான் என்றார் பஞ்சாபகேசன். இப்போது கூட்டம் முழுக்கச் சிரித்தது. அந்தச் சிரிப்பில் அவமானம் இருக்கும் என்று அவர் எதிர்பார்த்தார், அவ்வளவாக இல்லை. தாமும் கொஞ்சம் சிரித்தார்.

வெள்ளைத்துரை முதல் முறையாக நிமிர்ந்து பார்த்தார். வேறு பெண் கட்டினாலும் அப்படித்தானா என்று கேட்டார். நிலத்தை மாற்றினாலும் விதை அதே விதைதானே என்றார் பஞ்சாபகேசன். ஆணும் வரலாம், பெண்ணும் வரலாம், பாதிக்குப் பாதி. இதற்கு மேல் நான் எதையும் அடித்துச் சொல்ல மாட்டேன், அடித்துச் சொன்னதன் பலன் காலைக் கட்டிப் போட்டபடி நடுவில் கிடக்கிறது என்றார்.

மாயக்காள் குனிந்து ஐந்து பெட்டைகளின் கட்டையும் அவிழ்த்துவிட்டாள். யாரும் அவளைத் தடுக்கவில்லை.

இதைக் கேட்டதும் வெள்ளைத்துரை மனம் திருந்திக் கல்யாணத்தை நிறுத்திவிட்டார் என்று சொல்ல ஆசைதான். நடந்தது அது இல்லை. அவர் இரண்டு நாள் ஒரு முடிவுக்கும் வராமல் வயலுக்குப் போய்வந்துகொண்டிருந்தார். அதற்குள் புளியமரத்தடிப் பேச்சு அழகர்கோயில் பக்கம் போய்விட்டது. போகிற வழியில் சற்று உருமாறி, ஒத்தக்கடை மாப்பிள்ளையின் விதையில் கோளாறு என்று மதுரையிலிருந்து பெரிய டாக்டர் வந்து பார்த்துச் சொன்னதாகப் போய்ச் சேர்ந்தது. பெண்ணின் தகப்பனார் வெற்றிலை பாக்கைத் திருப்பி அனுப்பிவிட்டார். வெள்ளைத்துரை ஒரு வாரம் பஞ்சாபகேசனைத் திட்டிக்கொண்டிருந்தார். பிறகு அதுவும் அடங்கிவிட்டது.

பஞ்சாபகேசன் அந்த ஞாயிறு பஸ்ஸில் திரும்பும்போது தைரியசாலியாகத்தான் இருந்தார். ஆற்றுப் பாலம் தாண்டியதும் தைரியம் குறைய ஆரம்பித்தது. சந்துக்குள் நுழையும்போது சுத்தமாக இல்லை. ஆனால் மாயக்காள் இனி மதுரைக்கு வராமல் இருக்க மாட்டாள். வந்தால் நாகலக்ஷ்மியிடம் சொல்லாமல் போக மாட்டாள். அவள் வாயால் தெரிவதற்கு முன் தாமே சொல்லிவிடுவது நல்லது என்று பட்டது. ஆக, அவர் வீட்டில் உண்மையைச் சொன்னதற்குக் காரணம் யோக்கியம் இல்லை, பயம். இதையும் அவரே பிற்காலத்தில் ஒப்புக்கொள்வார்.

நாகலக்ஷ்மி சமையலறையில் வாழைப்பூ ஆய்ந்துகொண்டிருந்தாள். அவர் நிலைப்படியில் நின்றபடி, கோழியில் ஆரம்பித்து, சுற்றி வளைத்து மனிதருக்கு வந்தார். அவள் ஒவ்வொரு பூவாக நரம்பை எடுத்துக்கொண்டே கேட்டாள். அவர் முடித்ததும் கை நின்றது.

"இது உங்களுக்கு எப்போலேருந்து தெரியும்?"

"ஆறு வருஷமா."

அவள் மனதுக்குள் ஏதோ கூட்டிப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது. எத்தனை சஷ்டி என்று பார்த்திருப்பாள் என்று அவர் ஊகித்தார். அவள் கத்தவில்லை. வாழைப்பூவை மூடி வைத்துவிட்டுக் கையைக் கழுவினாள். கூடத்துக்குப் போய் எழுத்துப் பெட்டியைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள்.

"உங்க அக்காவுக்கு எழுதுங்கோ. இப்போ எனக்குச் சொன்னதை அப்படியே எழுதுங்கோ."

அவர் காகிதம் எடுத்தார். நாகலக்ஷ்மி அதைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"கவர் வேண்டாம். கார்டுல எழுதுங்கோ."

கும்பகோணத்தில் அந்தத் தெருவுக்கு வரும் கார்டைத் தபால்காரர் முதலில் படிப்பார், பிறகு கோடி வீட்டிலிருந்து ஒவ்வொருவராகப் படித்துத்தான் அக்கா கைக்குப் போகும். அது இருவருக்கும் தெரியும். பஞ்சாபகேசன் எழுதினார். நாகலக்ஷ்மி தோளுக்குப் பின்னால் நின்று படித்து, ஓரிடத்தில் இன்னும் தெளிவாக இருக்கலாம் என்றாள். திருத்தி எழுதினார். மூத்த பெண் ஸ்யாமளா அதைக் கொண்டுபோய்த் தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்தாள். அடுத்த நாலு மாதம் கும்பகோணத்திலிருந்து கடிதமே வரவில்லை. வந்தபோது அதில் ஊறுகாய் போடும் பக்குவம் மட்டும் இருந்தது. வீட்டுக்குள் நாகலக்ஷ்மி அவரோடு சகஜமாகப் பேச அதைவிடக் கூடுதலாகவே நாளாயிற்று.

வைகாசியில் வெள்ளைத்துரை பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றார். மாயக்காள் சிவப்புச் சேவலை வரிப்பெட்டைகளோடு விட்டு அடை வைத்ததில் இருபத்தொரு குஞ்சு பொரித்திருப்பதாகவும், வாத்தியார் பார்க்க விரும்பினால் வரலாம் என்று அவள் சொல்லச் சொன்னதாகவும் சொன்னார். பார்த்துச் சொல்ல வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. பார்க்கலாம் என்று மட்டும் சொன்னார்.

போனார். பதினொரு குஞ்சின் தலையில் பொட்டு, பத்தில் இல்லை. பஞ்சாபகேசன் வாயைத் திறக்கவில்லை. மூன்று மாதம் போனபின் பொட்டு இருந்த பதினொன்றும் வரியோடிய சேவலாக நின்றன. இல்லாத பத்தும் கறுப்புப் பெட்டை. ஒன்றுகூடத் தப்பவில்லை. பெருமை அவருக்கு வரவில்லை. குஞ்சைப் பார்த்ததுமே பிரித்துச் சொல்பவள் என்று மாயக்காளுக்குத்தான் பெயர் வந்தது. நரசிங்கம்பட்டியிலிருந்தும் திருமோகூரிலிருந்தும் அவளிடம் இளங்குஞ்சு கேட்டு வந்தார்கள்.

அடுத்த வருஷம் ஒரு நாள் அவர் போயிருந்தபோது, வரிச் சேவலுக்கும் வரிப்பெட்டைக்குமே பிறந்த குஞ்சுகளை அவள் இரண்டு கூடையாகப் பிரித்து வைத்திருந்தாள். அப்பன் ஆத்தாள் இரண்டும் வரி என்பதால் எல்லாத் தலையிலும் பொட்டு இருந்தது. இதில் பிரிக்க முடியாதே என்றார் பஞ்சாபகேசன். அவள் இரண்டு குஞ்சை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். ஒன்றின் பொட்டு அகலமாகக் கலைந்தாற்போல் இருந்தது. மற்றதன் பொட்டு சின்னதாக, கச்சிதமாக இருந்தது. அகலமாக இருந்தால் சேவல் என்று தனக்குப் படுவதாகச் சொன்னாள். ஆனால் இரண்டு தரம்தான் பார்த்திருக்கிறாளாம், இன்னும் நிச்சயமில்லையாம்.

பஞ்சாபகேசன் அவசரமாகச் சட்டைப் பையிலிருந்து நோட்டையும் பென்சிலையும் எடுத்தார்.

"வளரட்டும் சாமி. பெறகு எழுதிக்கலாம்" என்றாள் மாயக்காள்.

அவர் பென்சிலைப் பைக்குள் வைத்துவிட்டு, எந்தக் குஞ்சு எந்தக் கூடை என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.